மூச்சு வாங்கும் அளவு

தில்லியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் ஊரிலிருந்து ஏதேனும் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறது. சிலர் வீணை கொண்டுவந்தனர். சிலர் ஆட்டுக்கல் கொண்டுவந்தனர். 2001-ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், இளங்கலைப் பட்டமும் ஒரு தகரப் பெட்டியுமாக நாம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கியபோது, நம்முடன் இறங்கியது நம் தந்தையாரின் நெடுநாளைய வேண்டுதல் ஒன்று. "என் பிள்ளை ஃபேனுக்குக் கீழே நாற்காலியில உக்காந்து உத்தியோகம் பாக்கணும்" என்பதே அது. அந்த வேண்டுதல் பலித்தது. பலித்ததன் விளைவைப் பற்றியதே இக்கட்டுரை.

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "இலக்கியக் கட்டுரையாக இருக்கட்டும்" என்று வலியுறுத்தினர். இரத்தக் குழாய்களைப் பற்றி எழுதப்போகிறோம் என்றதும் சற்றே தயங்கினர். மெய்ப்பாட்டுக்குத் தனி இயலே வகுத்த மொழியில் மெய்யைப் பற்றி எழுத இடமில்லாமலா போகும் என்று சொல்லி இசைவு பெற்றோம்.

நம் தந்தையார் தபால்காரர். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைப் பகுதியிலுள்ள சிற்றூர்கள் பலவற்றுக்கும் அவர்தாம் கடிதம் கொடுத்தவர். நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோமீட்டர் மிதிவண்டி மிதிப்பார். தார்ச்சாலை பாதி, வரப்போரப் பாதை பாதி. வண்டி செல்லாத இடத்தில் அதைப் பூவரச மரத்தில் சாய்த்துவிட்டு நடப்பார். முதியோர் உதவித்தொகை மணியார்டர் வரும் நாள்களில் ஒவ்வொரு திண்ணையாக ஏறி இறங்குவார். கைநாட்டு வாங்கி, பணத்தை இருமுறை எண்ணிக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு விரைவார். ஆடி மாதத்தில் மேல்காற்று வீசும்போது, மேற்கே திரும்பிவரும் வழியெல்லாம் காற்றை எதிர்த்து நின்று மிதிக்க வேண்டும். வீடு வந்ததும் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் நிற்பார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். அந்த நிற்றலைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். நம் பிள்ளை இப்படி நிற்கக் கூடாது என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை.

நாற்காலி கிடைத்தது. நாம் பணியேற்ற காலத்தில் அமைச்சகப் பிரிவுகளில் கோப்புகள் காகிதத்தில் இருந்தன. கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கும், ஒரு மாடியிலிருந்து மற்றொரு மாடிக்கும் செல்லவேண்டியிருந்தது. பதிவறைக்குப் போய்ப் பழைய கட்டுகளைத் தேட வேண்டியிருந்தது. கோப்பு நடந்தது, உடன் நாமும் நடந்தோம். பின்னர் மின்-அலுவலக முறை வந்தது. இப்போது கோப்பு விரலசைவில் போகிறது. நாம் இருந்த இடத்தில் இருக்கிறோம். மேல்நிலை எழுத்தர் என்றிருந்த நம் பதவிக்கும் முதுநிலைச் செயலக உதவியாளர் என்று பெயர் மாறிவிட்டது. நாற்காலி மட்டும் மாறவில்லை.

2024 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எம் அலுவலகப் பொழுதுபோக்கு மன்றத்தின் விளையாட்டு நாள் அது. நாற்பது வயதைக் கடந்தோருக்கு நானூறு மீட்டர் ஓட்டம் அறிவித்திருந்தனர். பள்ளிக் காலத்தில் ஓடியவர் என்று நம் பிரிவின் பஞ்சாபி நண்பர் ஒருவர் நம் பெயரைக் கொடுத்துவிட்டார். மறுக்கலாம், மறுக்கவில்லை. மனைவியும் மகளும் வேறு பார்க்க வந்திருந்தனர். முதல் இருநூறு மீட்டர் வரை நாம் மூன்றாவதாக இருந்தோம் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறோம். அதற்குப் பின் நெஞ்சுக் கூட்டுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவதுபோல் இருந்தது. எல்லைக்கோட்டைக் கடந்து சட்டென்று நின்றோம். வானம் ஒருமுறை சுழன்றது. கண் விழித்தபோது மகள் நம் கையைப் பற்றி அழுதுகொண்டிருந்தாள். ஏழாம் இடம் என்று பின்னர் சொன்னார்கள்.

மருந்தகத்து மருத்துவர் பாலக்காட்டுப் பெண்மணி. நல்ல தமிழ் பேசுவார். மின்னிதயப் பதிவு குற்றமின்றி இருந்தது. ஒரு மணி நேர ஓய்வுக்குப் பின் எடுத்த இரத்த அழுத்தம் 156/98. அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு முறை எடுத்தபோதும் அதே நிலை. "எத்தனை ஆண்டுகளாக இப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அளந்து பார்த்ததில்லை என்றோம். விழுந்ததற்குக் காரணம் எளிது என்றார் அவர். கடும் ஓட்டத்தில் கால் தசைகளின் குழாய்கள் விரிந்திருக்கும். ஓடும்வரை தசைகள் இறுகித் தளர்ந்து இரத்தத்தை மேலே தள்ளும். சட்டென்று நின்றால் அந்த உந்துதல் அற்று, இரத்தம் காலில் தேங்கி, மூளைக்குப் போவது குறையும். மெல்ல நடந்து ஓய்ந்திருந்தால் விழுந்திருக்கமாட்டோம். ஆனால் அவர் கவலைப்பட்டது விழுந்ததைப் பற்றியன்று. இருபது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த ஒருவர் முன்பழக்கமின்றி ஒரே நாளில் உயிரைக் கொடுத்து ஓடியதைப் பற்றியே அவர் கடிந்துகொண்டார்.

அவர் கடிந்ததற்கு ஆதாரம் உண்டென்பதைப் பின்னரே அறிந்தோம். 1993-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று, மாரடைப்புக்கு ஆளானவர்கள் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தனர் என்று விசாரித்தது. கடும் உழைப்பை அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு நேரும் வாய்ப்பு, உட்கார்ந்தே பழகியவர்களுக்கு நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தது. வாரத்தில் ஐந்து முறையேனும் உடலை வருத்திப் பழகியவர்களுக்கோ ஏறத்தாழ இரண்டரை மடங்கே உயர்ந்தது. அந்த ஒரு மணி நேரத்து அபாயம் மிகச் சிறிய ஒன்றின் நூறு மடங்குதான் என்பதால் அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த பிப்ரவரி நாளில் நாம் எந்தப் பட்டியலில் நின்றிருந்தோம் என்பது தெளிவு.

நம் அக்காள் மகள் தில்லியில் மருத்துவக் கல்லூரி ஒன்றில் உடலியங்கியல் மேற்படிப்பு பயில்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள், "மாமா, உங்களைப் பத்தி 1953-லயே எழுதி வெச்சிருக்காங்க" என்று சொல்லி ஆய்வுக் கட்டுரைகளை நம் முன் வைத்தாள். அலுவலகக் குறிப்புகளின் ஆங்கிலத்துக்கே பழகிய நமக்கு அவற்றைப் படித்து முடிக்க ஒரு மழைக்காலம் முழுதும் பிடித்தது.

ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், இலண்டன் மாநகரத்தின் ஈரடுக்குப் பேருந்துகளில் பணிபுரிந்தோரை ஆராய்ந்தார். ஒரே பேருந்து, ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே வகைக் குடும்பம். ஓட்டுநர் பணிநேரத்தில் பெரும்பகுதியும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ மாடிப்படியில் நாளொன்றுக்கு ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள் வரை ஏறுவார். நடத்துநர்க்கு இதயநோய் குறைவாக வந்தது. வந்தாலும் பிற்காலத்தில், கடுமை குறைந்து வந்தது. அதே கட்டுரையில் இன்னொரு ஒப்பீடும் உண்டு. நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொடுக்கும் தபால்காரர்களை, அமர்ந்து பணிபுரியும் எழுத்தர்களோடும் தொலைபேசி இயக்குநர்களோடும் ஒப்பிட்டிருந்தார். அங்கும் தபால்காரரே நலமாக இருந்தனர்.

அந்தப் பக்கத்தைப் படித்தபோது நாம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தோம். தபால்காரர் ஒரு பக்கம், எழுத்தர் மறுபக்கம். ஒருவர் நம் தந்தை, மற்றவர் நாம். ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு நம்மை மாற்றி அமர்த்தத்தான் அந்த மனிதர் முப்பத்தைந்து ஆண்டுகள் காற்றை எதிர்த்து மிதித்தார்.

நியாயமாகச் சொல்வதானால், ஓட்டுநர்கள் வேலைக்குச் சேரும்போதே பருத்தவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் எழத்தான் செய்தது. மாரிஸே 1956-இல் அவர்களுடைய சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவுக் கணக்கைப் பார்த்து, அந்த ஐயத்தில் உண்மை உண்டென்று எழுதினார். தம் கருத்துக்குத் தாமே மறுப்புத் தேடும் இந்தப் பண்பு நம்மை மிகவும் கவர்ந்தது. அவர் 1910-இல் பிறந்து 2009 வரை, தொண்ணூற்றொன்பது வயது வாழ்ந்தார் என்பது கூடுதல் செய்தி.

அதன்பின் அவர் திரும்பியது யார் பக்கம் என்றால், நம் இனத்தார் பக்கம்: அரசு அலுவலர்கள். 1968 முதல் 1970 வரை, நடுவயதுடைய பதினாறாயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட பிரித்தானிய அரசு அலுவலர்களிடம், திங்கட்கிழமை காலையில், கடந்த வெள்ளியும் சனியும் ஓய்வு நேரத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதி வாங்கினார். (திங்கட்கிழமை காலையில் படிவம் நிரப்பச் சொன்னால் எந்த அலுவலர்தாம் மறுப்பார்?) 1973-இல் வெளிவந்த முடிவு இதுதான். மூச்சு வாங்கும்படியான கடும் முயற்சி செய்தவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு, செய்யாதவர்களோடு ஒப்பிட மூன்றில் ஒரு பங்காக இருந்தது. இலேசான வேலைகளை நெடுநேரம் செய்தவர்களுக்கு அத்தகைய காப்பு தென்படவில்லை. "எவ்வளவு நேரம்" என்ற வினாவுக்கு இணையாக "எவ்வளவு கடுமை" என்ற வினா அரங்கேறியது அப்போதுதான் என்று சொல்லலாம்.

ஏன் கடுமை வேண்டும்? இதற்கு விடை குழாயின் உட்புறத்தில் இருக்கிறது. தமனியின் உட்சுவரில் ஒற்றை வரிசையாகச் செல்கள் பாவியிருக்கின்றன. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். நெடுங்காலம் அதை வெறும் பூச்சு என்றே கருதியிருந்தனர். நியூயார்க்கின் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் தமனித் துண்டுகளை வைத்துச் சோதித்துவந்தார். 1978-இல், எப்போதும் இறுகும் துண்டுகள் ஒருநாள் எதிர்பாராமல் தளர்ந்தன. ஆராய்ந்ததில், வழக்கமாகத் துண்டை எடுக்கும்போது உட்படலம் உரசித் தேய்ந்துபோய்விடும் என்பதும், அன்று தற்செயலாகத் தேயாமல் இருந்தது என்பதும் தெரிந்தன. தளர்ச்சிக்குக் கட்டளையிடுவது அந்தப் படலமே என்று 1980-இல் அறிவித்தார். அது அனுப்பும் தூது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1998-இல் அவருக்கும் இக்னாரோ, முராத் என்ற இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்கு இதை விளக்குவது எளிது. ஊரில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார். வாய்க்காலில் தண்ணீர் வரும் வேகத்தைக் காலால் உணர்ந்தே எந்த மடையை எவ்வளவு திறக்கலாம் என்று தீர்மானிப்பார். குழாயின் உட்படலம் அப்படிப்பட்ட நீர்க்கட்டி. இரத்தம் விரைந்தோடும்போது சுவரில் உரசுகிறது. அந்த உரசலை உணர்ந்து செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன, சுற்றியுள்ள தசை தளர்கிறது, குழாய் அகல்கிறது. உரசல் அடிக்கடி நேர்ந்தால் வாயுவை உண்டாக்கும் ஆற்றலும் பெருகுகிறது. தட்டணுக்கள் ஒட்டாமல், அழற்சி மூளாமல் காப்பதும் இதே வாயுவின் பணி. உரசலே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மந்தமாக ஓடினால் நீர்க்கட்டி தூங்கிவிடுகிறார். கொழுப்புத் திட்டுகள் பெரும்பாலும் தமனியின் கிளைகளிலும் வளைவுகளிலும் படிவதற்கும், அங்கே ஓட்டம் சீர்கெட்டுச் சுழல்வதே ஒரு காரணம். உடற்பயிற்சி குழாயைத் தூர் வாருகிறது என்று பூங்காவில் சிலர் சொல்வது சரியன்று. படிந்த திட்டை ஓட்டம் அடித்துச் செல்வதில்லை. சுவரின் குணத்தைத்தான் அது மாற்றுகிறது.

குணத்தை அளக்கவும் வழி கண்டனர். முன்கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் இறுக்கி, பின் விடுவிக்கிறார்கள். தேங்கியிருந்த இரத்தம் பாய்கிறது. புயத் தமனி எவ்வளவு விரிகிறது என்று மீயொலிக் கருவியால் பார்க்கிறார்கள். 1992 முதல் பரவிய முறை இது. விரிவது சில விழுக்காடுதான். அந்தச் சில விழுக்காட்டில் சுவரின் நலம் தெரிந்துவிடுகிறது.

இனி, எவ்வளவு கடுமை? இங்கேதான் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. நமக்கும் சுவை கூடியது. 2003-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இளைஞர்களை மூன்று பிரிவாக்கிப் பன்னிரண்டு வாரம் பயிற்றினர். உடலின் உச்ச ஆற்றலில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என மூன்று கடுமைகள். அரைப் பங்கினர்க்கே குழாயின் விரிதிறன் கூடிற்று. கால் பங்கினர்க்கு மாற்றமில்லை. முக்கால் பங்கினர்க்கு ஆக்சிஜன் வழி உண்டாகும் சிதைவின் அடையாளம் உயர்ந்தது; விரிதிறன் உயரவில்லை. நடுவழியே நல்வழி என்று முடித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் 2007-இல் நார்வே நாட்டின் டிரான்ட்ஹைம் நகரத்தார் நேர்மாறான முடிவோடு வந்தனர். இதயம் தளர்ந்த இருபத்தேழு நோயாளிகள்; சராசரி வயது எழுபத்தைந்து. ஒரு சாரார் ஒரே சீராக நடந்தனர். மற்றொரு சாரார் நான்கு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் மென்மையாக, இப்படி நான்கு சுற்று நடந்தனர். இரு சாரார்க்கும் குழாய் நலம் கூடிற்று. விட்டுவிட்டுக் கடுமை காட்டியவர்க்கே அதிகம் கூடிற்று. உலகெங்கும் இடைவெளிப் பயிற்சி என்ற முழக்கம் எழுந்தது.

முழக்கத்துக்கு 2017-இல் ஒரு கட்டுப்பாடு வந்தது. ஐரோப்பாவின் பல மருத்துவ நிலையங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளை வைத்து அதே முறையைச் சோதித்தபோது, கடுமைப் பயிற்சி சீரான பயிற்சியை விஞ்சவில்லை. காரணங்களுள் ஒன்று நமக்குச் சிரிப்பை மூட்டியது. கடுமையாகச் செய்யச் சொன்னவர்களில் பாதிப்பேர் சொன்ன அளவுக்குக் கடுமை காட்டவில்லை. மிதமாகச் செய்யச் சொன்னவர்களில் பெரும்பாலோர் அளவை மீறிக் கடுமையாகச் செய்தனர். ஆணைக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தை இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கண்டுவரும் நமக்கு இது புதிதன்று.

அப்படியானால் எதைக் கொள்வது? நாம் புரிந்துகொண்டது இவ்வளவே. கடும் முயற்சி முடிந்த உடனே குழாயின் விரிதிறன் சற்றுக் குறையலாம். பின்னர் மீண்டு வரும். அந்தக் குறைவும் மீட்சியும் தாங்குமளவில் நிகழ்ந்தால் சுவர் உரம் பெறுகிறது. ஒரே மூச்சாக நெடுநேரம் வருத்துவதும், இடையிடையே இளைப்பாறி வருத்துவதும் ஒன்றல்ல. பளு தூக்குவது வேறு வகை. 1985-இல் உடற்கட்டு வீரர்களின் தமனிக்குள் கருவியைச் செருகி அளந்தபோது, இரு கால்களாலும் பெரும்பளுவைத் தள்ளிய நேரத்தில் அழுத்தம் சராசரியாக 320/250 வரை சென்றது. 156-க்கே மருத்துவரிடம் திட்டு வாங்கிய நாம் அந்தப் பக்கம் போவதாக இல்லை. உலக நல்வாழ்வு அமைப்பு 2020-இல் வகுத்த அளவு, வாரத்துக்கு மிதமாயின் 150 முதல் 300 நிமிடம், கடுமையாயின் 75 முதல் 150 நிமிடம் என்பது. கடுமைக்கு விலை பாதி நேரம். விரும்பியவர் விரும்பியதைக் கொள்ளலாம், இரண்டையும் கலக்கவும் செய்யலாம் என்பதே அதன் பொருள்.

கடுமையைக் கணக்கிடுவது எப்படி? 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித் துடிப்பு ஏறத்தாழக் கிடைக்கும் என்பர். நாற்பத்தாறு வயதில் நமக்கு 174. அதில் எழுபது விழுக்காடு 122. தொண்ணூறு விழுக்காடு 157. நாடி பார்த்துக்கொண்டே நடந்தால் விளக்குக் கம்பத்தில் மோதிக்கொள்வோம், மோதிக்கொண்டோம். எளிய சோதனை வேறுண்டு. நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாமற் போனால் அது மிதம். நாலைந்து சொல்லுக்கு மேல் பேச முடியாவிட்டால் அது கடுமை.

இதற்குத் தில்லித் தமிழர்க்கென்றே ஓர் அளவுகோல் வாய்த்திருக்கிறது. இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் நம் வாசகர்கள் அறியாததன்று. 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதர் கோயில். சுவாமிமலையின் அதே திருப்பெயர். சுவாமிமலைக்கு அறுபது படிகள், தமிழ் ஆண்டுகள் அறுபதையும் குறிப்பன என்பார்கள். சிறுவயதில் ஆண்டுகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி அவற்றில் ஏறியிருக்கிறோம். இங்கே ஏறும்போது துணைவியார் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே ஏறுவார். தடையின்றி வந்தால் நடை மெதுவென்று பொருள். வரிக்கு ஒருமுறை மூச்சிழுத்தால் மிதம். அவர் சொல்வதை நிறுத்திவிட்டு நம்மை முறைத்தால் கடுமை.

ஆனால் எந்த அளவையும் தில்லிக் கார்த்திகை கலைத்துவிடும். நவம்பர் வந்ததும் காற்றில் நுண்துகள் மண்டுகிறது. அத்துகள் நுரையீரலோடு நிற்பதில்லை. குழாயின் உட்படலத்தையும் தீண்டுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு ஆறு, ஏழு லிட்டர் காற்று இழுப்பவர், கடும் முயற்சியில் அதைப்போல் பத்து மடங்கு இழுப்பார். புகைமூட்டத்தில் ஓடுவது ஒரு கையால் கொடுத்து மறுகையால் பறிப்பதாகும். ஆகவே அந்த மாதங்களில் நம் பயிற்சி அலுவலகத்தின் உட்படிக்கட்டில் நடக்கிறது. நான்கு மாடி, எண்பத்தெட்டுப் படி. நாமே எண்ணியது.

இதுவும் உடனே தொடங்கியதன்று. மருத்துவர் முதலில் மாத்திரை ஒன்று கொடுத்தார். மூன்று மாதம் வெறும் நடை மட்டுமே என்றார். பிறகு நகரும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைச் சோதித்து, அதன் பின்பே "இனிக் கொஞ்சம் மூச்சு வாங்கலாம்" என்று இசைந்தார். வாரத்தில் மூன்று நாள் நான்கு சுற்று. மற்ற நாள்களில் நாற்பது நிமிட நடை. இப்போது அழுத்தம் 128/82. மாத்திரையின் பங்கு எவ்வளவு, படியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. மாத்திரையை நிறுத்தும் எண்ணமும் இல்லை.

அக்காள் மகள் பின்னர் தந்த ஒரு தாள்தான் அலுவலகத்தில் நம் பெயரைக் கெடுத்தது. அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்டது. இளைஞர்களை ஆறு மணி நேரம் தொடர்ந்து உட்காரவைத்ததில், முழங்காலின் பின்புறத் தமனி விரியும் திறன் வெகுவாகக் குறைந்தது. பின்னர்ப் பத்து நிமிடம் நடந்ததும் மீண்டது. ஆறு மணி நேரம் என்பது நம் நாற்காலிக் கணக்கில் மதிய உணவு கழிந்த ஒரு நாள்! அன்று முதல் மணிக்கொரு முறை எழுந்து தாழ்வாரத்தின் கடைசிவரை சென்று வருகிறோம். முதல் வாரம் நமக்கு நீரிழிவு என்று பேசிக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் பிரிவு அலுவலர் அழைத்து, இடமாற்றத்துக்கு யாரையேனும் பார்க்கப் போகிறீர்களா என்று பரிவோடு விசாரித்தார். இப்போது பஞ்சாபி நண்பரும் உடன் வருகிறார். நம் பெயரைப் பந்தயத்தில் கொடுத்ததற்கு அவர் செய்யும் கழுவாய் அது.

தந்தையார்க்கு இப்போது எழுபத்தொன்பது வயது. சென்ற ஆண்டு தில்லிக்கு வந்திருந்தபோது மலை மந்திரின் படிகளில் நமக்கு முன்னே ஏறி, மேலே நின்று நமக்காகக் காத்திருந்தார். ஒருவரைக் காட்டி எதையும் நிறுவிவிட முடியாது. அவருடன் பணிபுரிந்த மற்றொரு தபால்காரர், அதே தொலைவு மிதித்தவர், நாளுக்கு இரண்டு கட்டு பீடி புகைத்து ஐம்பது வயதில் மாரடைப்பால் மறைந்தார். இருந்தாலும் அன்றிரவு, மாரிஸின் கட்டுரையில் தபால்காரர்களைப் பற்றிய பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப, உன்னை இந்த வேலைக்கு அனுப்புனது தப்புங்கிறியா தம்பி?" என்றார்.

இந்த வினாவை நாம் எதிர்பார்த்திருக்க வேண்டும். இந்த நாற்காலிதான் இரு தங்கைகளுக்கும் திருமணம் செய்தது, அம்மாவின் கடைசி இரண்டாண்டு மருத்துவத்தைத் தாங்கியது, மகளைப் படிக்கவைக்கிறது. அதையெல்லாம் சொன்னோம். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையை ஓர் ஆய்வுத்தாளில் நலமென்று காட்டிவிட்டால், அவர் பட்டது துன்பமில்லை என்றாகிவிடுமா? வேகாத வெயிலில் வேறு வழியின்றி மிதிப்பதும், மாத்திரை விழுங்கிவிட்டு மாலை நேரத்தில் விரும்பிப் படியேறுவதும் தமனிக்கு ஒன்றாக இருக்கலாம்; மனிதனுக்கு ஒன்றன்று. இதையும் சொல்ல எண்ணினோம். சொல் வரவில்லை. "தப்பில்லப்பா" என்று மட்டும் சொன்னோம். அவர் விளக்கை அணைக்கச் சொன்னார்.

சென்ற ஆடியில் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தோம். அவருடைய பழைய மிதிவண்டி கொட்டகையில் சாக்கு மூடிக் கிடந்தது. இரு சக்கரத்துக்கும் புது டியூப் போட்டு, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, ஒரு காலை நேரத்தில் அவர் வழக்கமாகப் போகும் தடத்திலேயே ஓட்டிச் சென்றோம். போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. திரும்பும்போது மேல்காற்று முகத்தில் அறைந்தது. பாலத்து ஏற்றத்தில் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிக்கவேண்டியதாயிற்று. வீட்டு வாசலுக்கு வந்து இறங்கி, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளிருந்து அவரே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"மூச்சு வாங்குதா?"

"வாங்குதுப்பா."

"பேச முடியுதுல்ல?"

"முடியுது."

"அப்ப அந்தக் கோடித் தெரு வரைக்கும் போயிட்டு வந்திருக்கலாமே" என்றார். வண்டியின் பின்சக்கரத்தை அழுத்திக் காற்று இருக்கிறதா என்று பார்த்தார்.